தாளில் படாத கஞ்சி

பித்தப்பையை இப்போதெல்லாம் தொப்புள் பக்கம் சின்னதாக ஓட்டை போட்டு எடுத்துவிடுகிறார்களாம். அறுத்த இடத்தை நோயாளியே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். எங்கள் பழைய ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இரண்டு நர்ஸ் பெண்கள் இதைச் சொன்னபோது, கிழவியைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நெசந்தாம்மா. இன்னைக்கு ஆபரேஷன், நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள் ஒருத்தி.

"சாப்பாடு?"

"அதச் சொல்லி அனுப்ப டயட்டீஷியன் இருக்காங்க. ஒங்க காலத்துல டயட்டீஷியன் இல்லாம எப்படிம்மா சமாளிச்சீங்க?"

யார் சொன்னது, எங்கள் காலத்தில் டயட்டீஷியன் இல்லை என்று? நோயாளியின் மாமியார், ஆத்தா, நாத்தனார், பக்கத்துப் படுக்கைக்காரி, வார்டு கூட்ட வருகிறவள் எல்லோரும் டயட்டீஷியன்தான். ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். அதற்கு நடுவில் நோயாளி பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போனால் அது ஆண்டவர் செயல். இதை அந்தப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்கள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எழுதுவதானால் அழகம்மாளைப் பற்றித்தான் எழுத வேண்டும், வேறு எதை எழுதினாலும் அது மழுப்பல் என்று தோன்றியது.

நான் ஆவூர்ப் பக்கத்தில் பிறந்தவள். அப்பா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். வீட்டில் ஐந்தும் பெண்கள். யாராவது ஒருத்தி தன் காலில் நிற்கட்டும் என்று என்னைத் திருச்சிராப்பள்ளிக்கு நர்ஸ் வேலை படிக்க அனுப்பினார். அங்கே பெட்பேன் கழுவினேன், பேண்டேஜ் சுருட்டினேன், திட்டு வாங்கினேன். கடைசியில் ஒரு வெள்ளைத் தொப்பியைக் கொடுத்து நீ நர்ஸ் என்றார்கள். அந்தத் தொப்பியைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கத் தெரிந்ததே தவிர, நோயாளிக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொண்டது புதுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மேட்ரனம்மாவிடம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மேட்ரனம்மாவின் பெயரும் வேண்டாம், அவர் இருந்தாலும் அதை விரும்பியிருக்க மாட்டார். குள்ளமான அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். குரல் உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். தோட்டியையும் 'வாங்க' என்பார், தோட்டியின் பிள்ளையையும் 'வாங்க' என்பார். பால் பாத்திரத்தை உருட்ட வார்டுக்குள் நுழையும் பூனையைக்கூட, "வெளியே போங்க, இங்கே வரக்கூடாதுங்க" என்றுதான் துரத்துவார். பூனை போகாது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

பித்தப்பை ஆபரேஷன் அந்தக் காலத்தில் அபூர்வம். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிப்பார்கள். உள்ளே தேங்கும் நீர் வடிய ஒரு ரப்பர்க் குழாயை வைத்துத் தைப்பார்கள். பென்சிலின் என்ற பெயரையே நாங்கள் அப்போது கேட்டதில்லை. டாக்டர் கத்தியை வைத்து முடித்ததும், "இனி மேட்ரன் பாடு, கடவுள் பாடு" என்று கையைக் கழுவப் போய்விடுவார். அவர் சொன்னது நியாயம்தான். அதற்குப் பிறகு எல்லாம் வாய் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

வயிற்றில் காற்றுப் பிரிகிற வரைக்கும் ஒன்றும் கிடையாது, உதட்டில் ஈரப் பஞ்சு மட்டும். அப்புறம் ஸ்பூனில் வெந்நீர். பிறகு பார்லித் தண்ணீர். அது தங்கினால் கஞ்சித் தெளிவு, பிறகு நொய்க் கஞ்சி. வெண்ணெய் சுத்தமாகக் கடைந்தெடுத்த மோர். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் இதில் ஏதாவது ஒன்று தாளிக்காமல் வேகவைத்து, உப்புப் போட்டு. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி கூடாது. முட்டையில் வெள்ளை உண்டு, மஞ்சள் கிடையாது. எதையும் வயிறு நிறையத் தரக்கூடாது, சிறுகச் சிறுகப் பல வேளை தர வேண்டும்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு மேட்ரனம்மா ஒரே பதிலைத்தான் சொல்வார். "பித்தப்பைங்கிறது எண்ணெயைச் செரிக்கிற தண்ணியைச் சேத்து வச்சிருந்த தொட்டிங்க. தொட்டியை எடுத்தாச்சு. இனிமே அந்தத் தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வரும். சொட்டுக்குத் தக்கன சாப்பிடணுங்க. கொஞ்ச நாள் போனா வயிறு பழகிக்கும்."

நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு என்றாலும், மற்றவர் கையால் சாப்பிடாதவர்கள் பாதிப் பேர். அவர்களுக்காகப் பின்பக்கம் ஒரு சமையல் கொட்டகை இருந்தது. உறவுக்காரர்கள் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துப் பொங்கிக் கொடுப்பார்கள். அந்தக் கொட்டகையின் தூணில் ஒரு ஆணி. ஆணியில், கடையில் சர்க்கரை மடித்துத் தருகிற பழுப்புத் தாளைத் துண்டு துண்டாக வெட்டிக் குத்தி வைத்திருப்பார் மேட்ரனம்மா. சமைத்ததில் ஒரு சொட்டை அந்தத் தாளில் விட்டு வெயிலில் காய வைக்க வேண்டும். தண்ணீர்க் கறையானால் காய்ந்ததும் போய்விடும். எண்ணெய் இருந்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். அப்படித் தெரிந்தால் 'தாளில் பட்டுவிட்டது' என்போம், மேட்ரனம்மா சட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். கெஞ்சினாலும் நடக்காது. "நான் என்னங்க பண்றது, தாள் சொல்லுது" என்பார்.

நான் பார்த்த முதல் பித்தப்பைக்காரர் கோட்டைப்பட்டினத்துப் படகுக்காரர், ஒரு மரைக்காயர். மகா முன்கோபி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் சம்சாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பித்தப்பைய எடுத்துட்டா இவுகளுக்குக் கோவம் வராதுல்ல நர்சம்மா?" என்று ஆவலாகக் கேட்டார். நான் மேட்ரனம்மாவிடம் போய்க் கேட்டேன். மேட்ரனம்மா சிரிக்காமல், "அதுக்கு வேற ஆபரேஷன் இருக்குங்க, இங்க பண்றதில்ல" என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கோபம் போகவில்லை. பார்லித் தண்ணீரைக் கொடுத்தால் தட்டிவிடுவார். கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடற்கரையில் பிறந்து மீன் வாசம் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டறியாத மனுஷர். நாளுக்கு நாள் வாடிப் போனார். கடைசியில் அவர் சம்சாரம் ஊரிலிருந்து கிழங்கான் மீன் வரவழைத்தார். அது கொழுப்பில்லாத வெள்ளை மீன், காய்ச்சல்காரனுக்கும் கொடுப்பார்கள். மஞ்சளும் உப்பும் மிளகும் போட்டு, எண்ணெய் காட்டாமல் அவித்து, முள்ளை எடுத்து உதிர்த்துக் கஞ்சியில் போட்டார். மேட்ரனம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொடுங்க" என்றார். இரண்டு வாய் உள்ளே போனதும் அந்த முரட்டு மனுஷருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இப்பத்தேன் உசுரு வந்துச்சு" என்றார். பிழைத்து ஊருக்குப் போனார். சாகும்வரை கோபத்தோடு சௌக்கியமாக இருந்தார் என்று கேள்வி.

எல்லாக் கதையும் இப்படி முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அழகம்மாள் வந்தது யுத்த காலத்தில். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அழகம்மாள், கருப்பாயி என்பதெல்லாம் நான் வைத்த பெயர்கள். ஊரையும் கொஞ்சம் தள்ளித்தான் போட்டிருக்கிறேன். ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

கீரமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். புருஷன் பினாங்கில் ஒரு கடையில் வேலையாக இருந்தான். ஜப்பான்காரன் வந்த பிறகு கடுதாசியும் இல்லை, கப்பலும் இல்லை, இருக்கிறானா என்றே தெரியாது. வீட்டில் இருந்தது மாமியார் கருப்பாயி, மருமகள் அழகம்மாள், ஒரு சின்னப் பெண் குழந்தை. குழந்தை பிறந்ததிலிருந்தே அழகம்மாளுக்கு வலது விலாவில் வலி. வந்தால் தரையில் கிடந்து புரளுவாளாம். பேய் என்று வேப்பிலை அடித்தார்கள், குடல் ஏற்றம் என்று தடவினார்கள். கடைசியில் மாமியார்தான் மாட்டு வண்டியில் போட்டு எங்களிடம் கொண்டு வந்தாள். டாக்டர் எடுத்துப் போட்ட கற்கள் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தன.

கருப்பாயி ஒல்லியான, கறுத்த பெண்பிள்ளை. இளம் வயதிலேயே தாலி அறுத்தவள். சிரித்து நான் பார்க்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசியும் பார்க்கவில்லை. "இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இது வேணும், அது வேணும்னு எங்கிட்ட கேட்டவ இல்ல நர்சம்மா. கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பேன், இல்லாட்டி திட்டியிருப்பேன். ரெண்டுக்கும் வழியில்லாமப் போச்சு" என்று ஒரு தடவை சொன்னாள். அது குறையா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

மேட்ரனம்மா பத்தியத்தைச் சொன்னபோது மற்றவர்களைப் போலத் தலையாட்டிவிட்டுப் போகவில்லை அவள். திருப்பித் திருப்பிக் கேட்டாள். "அப்ப மோருங்க? கடைஞ்ச மோருல மினுக்குன்னு மெதக்குமே, அது?" என்றாள். "துணியில வடிகட்டிடுங்க" என்றார் மேட்ரனம்மா. அரிசி கிடைக்காத காலம் அது. எங்கெங்கோ சொல்லிவிட்டுப் பழைய அரிசி தேடி வாங்கி, வறுத்து, உடைத்துக் கஞ்சி வைத்தாள். எழுத்தறியாதவள். ஆனால் அந்தப் பழுப்புத் தாளை வாசிக்க இரண்டே வேளையில் பழகிக்கொண்டாள். மேட்ரனம்மா வருவதற்கு முன்பே தானே சொட்டு விட்டு, காய வைத்து, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். அவள் கஞ்சி ஒரு நாளும் தாளில் படவில்லை.

அழகம்மாள் தேறி வந்தாள். ரப்பர்க் குழாயை எடுத்தார்கள். உட்கார்ந்தாள், கட்டிலைப் பிடித்து நின்றாள். நாக்குச் செத்துப் போச்சு என்று என்னிடம்தான் புலம்புவாள். "ஒரு சொட்டு எண்ணெய விட்டு நாலு கடுகு தாளிச்சாத்தான் என்னவாம் நர்சம்மா?"

சட்டியோடு நின்ற கருப்பாயி, "தாளிச்சா மேட்ரனம்மா என்னயத் தாளிச்சிருவாக" என்றாள். அழகம்மாள் சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும். வலியோடு சிரித்தாள். மாமியார் சொன்னதற்கு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அழகம்மாளின் ஆத்தா அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தாள். மகளைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கையில் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. பக்கத்தில் கிண்ணத்தில் கஞ்சித் தெளிவு.

நம் பக்கத்து வழக்கம் எனக்கும் தெரியாததல்ல. வயிற்றில் கத்தி பட்டவள் பிள்ளை பெற்றவள் மாதிரி, பச்சை உடம்புக்காரி. பச்சை உடம்புக்கு நல்லெண்ணெய் ஊற்ற வேண்டும், நாட்டுக்கோழி அடித்துச் சாறு வைக்க வேண்டும், பூண்டை நெய்யில் வதக்கித் தர வேண்டும். அதைச் செய்ய வேண்டியது தாய்வீடு. அந்த ஆத்தாள் அப்படிச் சாப்பிட்டுத்தான் தன் பிரசவங்களிலிருந்து எழுந்தாள், மகளையும் அப்படித்தான் எழுப்பினாள். அவள் அறிந்த நல்ல சாப்பாடு அதுதான். மேட்ரனம்மா தொட்டிக் கதையைச் சொன்னார். ஆத்தாள் கேட்டுக்கொண்டாள். அவர் அந்தப் பக்கம் போனதும் சம்பந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு வடிச்ச தண்ணியவா மதினி குடுக்கிறீக? எம் மகளத் தேத்தத்தான் கொண்டாந்தீகளா, தீக்கவா?"

"டாக்டர் சொன்னதத்தான் நாஞ் செய்யிறேன்."

"டாக்டரா பெத்தாரு? எம் புள்ளயோட எலும்ப எண்ணலாம் போல இருக்கே! ஒங்க மகன் கிட்டருந்து வரவு நின்னு போச்சுன்னு அவ சோத்துல கைய வச்சுட்டீகளா?"

வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரிகள் உச்சுக்கொட்டினார்கள். மாமியார் மருமகளைப் பட்டினி போடுகிறாள் என்றால் நம்பாதவர் யார்? கருப்பாயி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அழகம்மாள், "ஆத்தா, அப்படியெல்லாம் இல்லாத்தா" என்று மெல்லச் சொன்னாள். அது ஆத்தாளின் அழுகையில் காதில் விழவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், வார்டே அயர்ந்து தூங்குகிற நேரம். தையல் பிரிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. நான் கொட்டகையில் கருப்பாயியோடு நின்று, பீர்க்கங்காய்க் கூட்டைச் சொட்டு விட்ட தாள் காய்வதற்காகக் காத்திருந்தேன். அன்றைக்கு மேகமூட்டம், தாள் லேசில் காயவில்லை. அவள் பினாங்கில் இருக்கும் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவனுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காதாம். நாங்கள் கூட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அழகம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஆத்தா வந்துட்டுப் போச்சு" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உடனே கெளம்பிருச்சு."

அவள் பக்கத்தில் பூண்டும் நல்லெண்ணெயும் மணத்தன. ஆத்தாள் சேலைத் தலைப்புக்குள் ஒரு தூக்குச்சட்டியை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எண்ணெய் மிதக்க மிதக்கக் கோழிச் சாறு, அதில் நெய்ச்சோறு. வாய்க்கு வாய் ஊட்டியிருக்கிறாள். இவளும் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தாளாம். "ஊட்டும்போது ஆத்தா அழுதுச்சு நர்சம்மா. எப்படி வேணாங்கிறது?" என்றாள். நாக்கும் கேட்டிருக்கும், பாவம், எத்தனை நாளாய்ச் செத்துக் கிடந்த நாக்கு.

கொஞ்ச நேரத்தில் வலி ஆரம்பித்தது. பிறகு வாந்தி. ஒரு தடவை எடுத்து நிற்கிற வாந்தி இல்லை. குடலே வெளியே வந்துவிடும் போல ஓங்கரித்தாள். நான் ஒரு பக்கமும் கருப்பாயி ஒரு பக்கமுமாகத் தையல் மேல் துணியை வைத்து அழுத்திப் பிடித்திருந்தோம். ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் அந்த இடம் எங்கள் கைக்குக் கீழே புடைத்தது. திடீரென்று என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. தையல் விட்டுவிட்டது. அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரைக் கூப்பிட மேட்ரனம்மா ஓடினார். அவர் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடைவெளியில் அழகம்மாள் கருப்பாயியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"அத்தே, ஆத்தா குடுத்துச்சுன்னு யாருட்டயும் சொல்லிராதீக. அது காதுக்குப் போயிரும். ஆத்தா தாங்காது."

"சொல்லல."

"எம் புள்ள மேல சத்தியமா?"

"ஒம் புள்ள மேல சத்தியமா."

மேட்ரனம்மா திரும்பி வந்து வாந்தி பிடித்த கிண்ணியைப் பார்த்தார். வாந்தியின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. அதற்குத் தாள் வேண்டியதில்லை.

"யாருங்க கொடுத்தது?"

"நாந்தாங்க குடுத்தேன்" என்றாள் கருப்பாயி.

மேட்ரனம்மா நிமிர்ந்தார். "நீயா?" என்றார்.

பூனைக்குக்கூட 'ங்க' போடுகிற வாய். கருப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். மேட்ரனம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

"உங்க கஞ்சி ஒரு நாளும் தாள்ல பட்டதில்லையேங்க" என்றார்.

"இன்னைக்குப் பட்டுருச்சுங்க."

மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு போய்த் தைத்தார்கள். தைத்து என்ன? உள்ளே விஷம் பரவிவிட்டது. காய்ச்சல் இறங்கவே இல்லை. பிதற்றலில் ஒரு தடவை புருஷன் பேரைச் சொன்னாள், ஒரு தடவை "தாளிச்சிருவாக" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் நான்தான் மூடினேன்.

கொட்டகையில் கருப்பாயி என்னோடுதான் இருந்தாள் என்பதை நான் மேட்ரனம்மாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் சிஸ்டர்" என்றார். "அந்தம்மா கொடுக்கலைன்னு அப்பவே தெரியும். அவங்களே ஏத்துக்கிட்டதை எடுத்துப் போட நாம யாருங்க?"

பிணத்தை வண்டியில் ஏற்றும்போது ஆத்தாள் வந்து சேர்ந்தாள். மண்ணை வாரி இறைத்தாள். "பட்டினி போட்டே கொன்னுட்டியேடி! நான் குடுத்த அந்த ஒரு வேளச் சோறாச்சும் எம் மக வயித்துல கெடந்துச்சே, அந்தப் புண்ணியமாச்சும் எனக்குக் கெடச்சுச்சே!" என்று கதறினாள். நான் கருப்பாயியைப் பார்த்தேன். அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்தப் பக்கத்து நோயாளிகள் சொல்லித் தெரிந்தது. குழந்தையை ஆத்தாள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மருமகளைப் பட்டினி போட்டுக் கொன்றவள் என்று கருப்பாயிக்கு ஊரில் பேராகிவிட்டது. கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள், பந்தியில் பரிமாற விடமாட்டார்கள். யுத்தம் முடிந்து மகன் உயிரோடு திரும்பி வந்தான். வந்தவன் நேரே மாமியார் வீட்டுக்குப் போனான். அவள் சொன்னதைக் கேட்டான். தாயைப் பார்க்க வந்து வாசலில் நின்றவன், அவள் கொண்டு வந்த தண்ணீரை வாங்காமல் திரும்பிப் போனான். மறுபடியும் கப்பல் ஏறிவிட்டான். இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த சமயத்தில் கருப்பாயி மறுபடியும் எங்கள் வார்டுக்கு வந்தாள், இந்தத் தடவை நோயாளியாக. வயிற்றில் கட்டி. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தி வேண்டாம் என்றார். கூட யாரும் இல்லை. அந்தக் கொட்டகையில் அவளுக்கு நானே நொய்க் கஞ்சி வைத்தேன். மேட்ரனம்மா ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஆணி இருந்தது, தாள் இல்லை.

சாகக் கிடப்பவள் பேத்தியை ஒரு தரம் பார்க்கட்டும் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அழகம்மாளின் ஆத்தாள் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாவாடை கட்டிய, நல்ல கொழுகொழுப்பான பிள்ளை. அம்மாவின் அதே கண். கட்டில் பக்கம் வரமாட்டேன் என்று ஆத்தாளின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. ஆத்தாள் வார்டு வாசலிலேயே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து, பிள்ளைக்குச் சோற்றை உருட்டி ஊட்டினாள். பிள்ளை ஒவ்வொரு வாய்க்கும் அண்ணாந்து வாயைத் திறந்தது. கருப்பாயி கண்ணிமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கஞ்சியை ஸ்பூனில் எடுத்தபடி நின்றேன்.

ஊட்டி முடித்துவிட்டு ஆத்தாள் எழுந்து வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எம் மகளுக்கு ஊத்துன அதே தண்ணி. பாத்தீகளா மதினி, ஒங்களுக்கும் அதான் வந்துச்சு" என்றாள். கத்தவில்லை. அழுகையோடுதான் சொன்னாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இந்தாங்கம்மா, ஒங்க மகளுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். கருப்பாயி என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை, எனக்கு வலித்தது. ஸ்பூனிலிருந்த கஞ்சி படுக்கையில் சிந்தியது. நான் நிறுத்திக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "செத்தவளுக்குக் குடுத்த சத்தியத்துக்காகப் பெத்த மகனையும் விட்டாச்சு, ஊரையும் விட்டாச்சு. இன்னும் எதுக்கு? இப்பவாச்சும் சொன்னா என்ன?"

கருப்பாயி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு சோற்றுப் பருக்கை சிந்திக் கிடந்தது.

"அந்தக் கையால வாங்கித்தான நர்சம்மா எம் பேத்தி சோறு திங்கிது" என்றாள். "அது பயப்படாமத் திங்கட்டும்."

பிறகு வாயைத் திறந்தாள். ஆறிப்போயிருந்த கஞ்சியை நான் ஊட்டினேன்.